கணக்குப்பிள்ளை மேல் விழுந்த பழி

எழுபதுகளின் கடைசியில் நான் ஓர் ஏலத்தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். போடிமெட்டைத் தாண்டி, கேரளா பக்கத்துச் சரிவில் இருந்தது அந்தத் தோட்டம். வாரம் முழுக்க மேலே குளிரில் கிடப்பேன். சனிக்கிழமை ஜீப் பிடித்துப் போடியிலிருந்த அக்கா வீட்டுக்கு இறங்கி வருவேன். ஞாயிறு மதியம் மறுபடி ஏறிவிடுவேன்.

ஓர் ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பையைக் கட்டி, குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். மச்சான் தெருவில் நடந்து வந்தார். மச்சான் என்றால் அக்காவின் கணவர். மெட்டுப் பாதையில் எஸ்டேட் ஆட்களை ஏற்றி இறக்கும் ஜீப் டிரைவர். தெருமுனைப் பெட்டிக்கடைக்குக்கூட ஜீப்பில் போகிறவர் நடந்து வருகிறார் என்றால் ஏதோ விபரீதம் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"பையை அவுத்து வையி டீச்சர். ரோட்டைக் காணோம்" என்றார்.

"ரோடு எப்படி மச்சான் காணாமப் போகும்?"

"நேத்து வரைக்கும் மேல இருந்துச்சு. இன்னைக்குக் கீழ கெடக்கு."

மலையில் பிடித்த மழையில் பாதையின் ஒரு பக்கமே சரிந்து பள்ளத்தில் விழுந்திருந்தது. சரிசெய்ய ஒரு மாதமாவது ஆகும் என்றார்கள். மறுநாள், காட்டுவழியாக நடந்து இறங்கிய தோட்டத்து ஆள் ஒருவர், காலில் அட்டை கடித்த ரத்தத்தோடு வந்து தகவல் சொன்னார். மழையில் பிள்ளைகள் யாரும் பள்ளிக்கூடத்துக்கு வருவதில்லையாம். பாதை திறக்கும்வரை டீச்சர் கீழேயே இருக்கட்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம்.

"ஐயோ, பிள்ளைங்க படிப்பு கெட்டுப்போகுமே" என்றேன்.

அவர் தெருவைத் தாண்டியதும் அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "சிரிக்கிறதுன்னா வாயைத் தொறந்தே சிரி. அடக்கி அடக்கி உனக்குத் தாடை வலிக்கப்போகுது."

அன்றைக்கே வாடகைப் புத்தகக் கடைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில், ஒரு தையல் கடையின் பின்பாதியில் இருந்தது அது. கடைக்காரர் ரொம்ப ஒழுக்கமான மனிதர். கடையில் இருந்ததோ முக்கால்வாசி கொலை, கொள்ளைக் கதைகள். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். துப்பறியும் நாவல் எடுப்பவர்கள் கூடவே அறிவு வளர்க்கும் புத்தகம் ஒன்றையும் எடுத்தாக வேண்டும்.

"ஒரு கொலைக்கு ஒரு கட்டுரைம்மா. அதுதான் இங்க சட்டம்."

"கட்டுரையைப் படிக்காமத் திருப்பிக் கொடுத்தா?"

"திருப்பும்போது கேள்வி கேப்பேன். பதில் சொல்லலைன்னா அடுத்த கொலை கிடையாது."

அப்படி முதல் நாள் நான் கொண்டுவந்தது, ஒரு எஸ்டேட் பங்களாவில் முதலாளியை யாரோ காப்பியில் விஷம் வைத்துக் கொன்றுவிடுகிற தடித்த நாவல். கூடவே, வீட்டில் தேனீ வளர்ப்பது எப்படி என்று சொல்லும் ஒல்லியான புத்தகம். தேனீயை மூலையில் போட்டுவிட்டுக் கொலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வீட்டில் படிக்க முடியவில்லை. பாதை இல்லாததால் மச்சானுக்கும் சோலி இல்லை. விடிந்ததிலிருந்து வாசலில் ஜீப்பைக் கழுவுவார். கழுவி முடித்ததும், கழுவியது சரியாக இருக்கிறதா என்று என்னை வந்து பார்க்கச் சொல்வார். பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடி கழுவுவார். எனவே அக்கா வேலைக்குப் போகும்போது நானும் புத்தகத்தோடு கிளம்பிவிட்டேன்.

அக்கா ஏலக்காய் மண்டியில் காய் பொறுக்கினாள். நீண்ட கூடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு சொளகை மடியில் வைத்துக்கொண்டு, பெரிய காய் ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று பிரிப்பார்கள். உள்ளே நுழைந்தாலே பாயசத்துக்குள் விழுந்ததுபோல் வாசனை அடிக்கும். ஒரு மூலையில் சாக்குமேல் உட்கார்ந்து நான் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த ராசிங்காபுரத்து அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. ராசிங்காபுரத்திலிருந்து தினமும் வருவதால் அவளுக்கு அந்தப் பெயர். அவள் சாதாரணமாகப் பேசினாலே தெருவில் போகிறவர்கள் நின்று திரும்பிப் பார்ப்பார்கள்.

"ஏத்தா டீச்சரு, நீ மட்டும் கண்ணை விரிச்சு விரிச்சுப் படிக்கிறியே, எங்களுக்கு என்ன காது இல்லையா? சத்தமாத்தான் படியேன்."

படித்தேன். முதல் அத்தியாயத்தில் முதலாளி காப்பியைக் குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். கூடத்தில் ஒரு கையும் அசையவில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் பங்களாவைச் சேர்ந்த ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மகள், டிரைவர், டாக்டர், சமையல்காரர், கணக்குப்பிள்ளை.

"நிறுத்து, நிறுத்து" என்றாள் ராசிங்காபுரத்து அக்கா. "கணக்குப்பிள்ளைதான் கொன்னான்."

"அவரு இப்பத்தானக்கா கதைக்குள்ளயே வர்றாரு."

"வந்ததும் என்ன பண்ணுனான்? மூக்குக்கண்ணாடியைத் தொடைச்சான். கை சுத்தமா இருக்கிறவன் எதுக்குக் கண்ணாடியைத் தொடைக்கிறான்?"

கூடமே தலையாட்டியது. இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், மண்டியிலும் ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். கூடத்தின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். ஒல்லியான, பயந்த சுபாவமுள்ள மனிதர். அவரும் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். தராசில் சாக்கை வைத்துவிட்டு, முள் ஆடி நிற்கும்வரை தானும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். அப்படிப்பட்டவரை, அன்று சாயங்காலம் எடை போட வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நாலைந்து நாளில் அவர் இளைத்துவிட்டார். நாவலில் கணக்குப்பிள்ளை கறுப்புக் குடையோடு தோட்டத்தில் நடந்தால், அன்று இவர் குடையை எடுக்க முடியாது. அவன் தனியாகச் சிரித்தால், இவர் அன்று முழுக்கச் சிரிக்க முடியாது. நான் படிக்கும்போது மேசையில் தலையைக் குனிந்திருப்பார். ஆனால் காது முழுக்க இங்கேதான் இருக்கும். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, தப்பா நெனைக்காதீங்க. அந்தக் கதையை வெரசாப் படிச்சு முடிச்சிருங்க. அவன் கொல்லலைன்னு தெரிஞ்சாத்தான் இவளுக என்னை நிம்மதியா விடுவாளுக. நேத்து காப்பி குடிக்கிறீங்களான்னு கேட்டேன். ஒருத்தி வேண்டாம்னு ஓடியே போயிட்டா."

"ஒருவேளை அவருதான் கொன்னிருந்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாதி துடைத்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக மாட்டிக்கொண்டார்.

பகலெல்லாம் இப்படிக் கொலையில் கழிந்தது. சாயங்காலம் சினிமா. மச்சானிடம் சும்மா நிற்கிற ஜீப் இருந்தது. சும்மா இருக்கிற மச்சானும் இருந்தார். போடிக் கொட்டகையில் ஓடுவது அலுத்தால் சுற்றுவட்டாரத்து டூரிங் கொட்டகைகளுக்குக் கிளம்பிவிடுவோம். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு படம் என்ற கணக்கில் போய்க்கொண்டிருந்தது.

அக்கா அழுவதற்காகவே படம் பார்ப்பவள். பேர் போடும்போதே ஆரம்பித்துவிடுவாள். "இன்னும் யாருக்கும் ஒண்ணும் ஆகலையேக்கா" என்று கேட்டால், "ஆகும்டி. அப்ப எல்லாரும் அழுவாங்க, என் சத்தம் கேக்காது" என்பாள். தோளில் போட்டுக்கொள்ள ஒரு துண்டு, அழுவதற்கென்று தனியாக ஒரு துண்டு கொண்டுவருவாள்.

மச்சான் வேறு ரகம். அவருக்குப் படம் என்றால் வண்டி. பாட்டு வந்தால் தூங்கிவிடுவார், கதாநாயகன் அழுதாலும் தூங்கிவிடுவார். எஞ்சின் சத்தம் கேட்டால் மட்டும் சடக்கென்று நிமிர்ந்து உட்காருவார். கொண்டை ஊசி வளைவுகளில் நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பழகிய மனிதருக்குத் திரையில் ஓடும் எந்த வண்டியும் பிடிக்காது. "ஆரன் அடிடா! வளைவுல ஆரன் அடிக்காம வர்றான் பாரு" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து கத்துவார். கதாநாயகன் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பினால், "ரோடு நேராத்தானே போகுது, இவன் எதுக்கு மாவாட்டுறான்?" என்பார். பெண்கள் பக்கத்தில் நாங்கள் அவரைத் தெரியாதவர்கள்போல் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

அது காற்றுக் காலம் வேறு. மேற்கிலிருந்து கணவாய் வழியாகக் காற்று இறங்கி டூரிங் கொட்டகைத் திரையை ஊதும். வில்லனின் கன்னம் புடைக்கும். கதாநாயகியின் வயிறு திடீரென்று உப்பும். கல்யாணம் நிச்சயமாகும் காட்சியில் அப்படி உப்பியபோது, தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "சட்டுபுட்டுன்னு முடிச்சு வைங்கப்பா, நாள் நெருங்கிருச்சு" என்றார். அழுதுகொண்டிருந்த அக்காவுக்குப் புரை ஏறிவிட்டது.

சிலமலைக் கொட்டகைக்கு ஒரு புதுப்படம் வந்திருப்பதாக ராசிங்காபுரத்து அக்கா சொன்னாள். எஸ்டேட் முதலாளியின் மகளும் கார் டிரைவரும் காதலிக்கிற படம். "அதை நான் தேனியிலேயே பார்த்துட்டேன். அருமையான படம். ஒருதடவை இல்ல, பலதடவை" என்றார் மச்சான். மண்டிப் பெண்களும் வருகிறோம் என்றார்கள். ஜீப்பில் எத்தனை பேர் ஏறினோம் என்று யாரும் எண்ணவில்லை. என் மடியில் ஒருத்தி, அவள் மடியில் ஒரு முறுக்குப் பொட்டலம். அன்றைக்குக் காலையில்தான் நாவலைக் கடைசி இரண்டு அத்தியாயம் மிச்சம் வைத்து நிறுத்தியிருந்தேன். வழியெல்லாம் கணக்குப்பிள்ளை எப்படி மாட்டுவான் என்பதே பேச்சு.

சிலமலைதான் மண்டிக் கணக்குப்பிள்ளைக்குச் சொந்த ஊர் என்பது எங்களுக்கு நினைவில்லை. கொட்டகைக்குள் போனால், சேர் வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு! மனைவியை மறைத்துக்கொண்டு சோடா குடிப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

படம் நன்றாகத்தான் போனது. அந்த எஸ்டேட்டிலும் ஒரு கணக்குப்பிள்ளை இருந்தான், சிரிப்பு நடிகர். தலைகீழாகப் பேப்பர் படிப்பதும் தடுக்கி விழுவதும்தான் அவனுக்கு வேலை. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில், கதாநாயகியை வில்லன் காரில் போட்டுக்கொண்டு போக, டிரைவர் இன்னொரு காரில் துரத்தினான். அங்கே படம் நின்றது. விளக்கு போட்டார்கள்.

கொட்டகைக்காரர் மைக்கைப் பிடித்தார். ஒரே படப்பெட்டியைப் பக்கத்து ஊர்க் கொட்டகையும் அவர்களும் பங்கு போட்டு ஓட்டுகிறார்களாம். அங்கே ஓடி முடிந்த ரீல் சைக்கிளில் இங்கே வரவேண்டும். "வந்துக்கிட்டே இருக்கு. எதிர்க்காத்து. கொஞ்சம் பொறுமையா இருங்க" என்றார்.

கொஞ்சம் பொறுமையாக இருந்தார்கள். அப்புறம் விசில். அப்புறம் மணலை அள்ளி எறிய ஆரம்பித்தார்கள். அப்போது ஆண்கள் பக்கத்தில் மச்சான் பக்கத்திலிருந்தவரிடம் பெருமையாக, "நான் முன்னாடியே பார்த்த படம்தான்" என்று சொன்னது பலர் காதில் விழுந்துவிட்டது.

"அப்ப மிச்சக் கதையை நீங்க சொல்லுங்கண்ணே!"

கொட்டகைக்காரர் தெய்வத்தைக் கண்டதுபோல் ஓடிவந்து மச்சான் கையில் மைக்கைக் கொடுத்தார். "ஐயோ, போச்சு" என்றாள் அக்கா, அழுகைத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு.

மச்சான் தொண்டையைச் செருமினார். "எங்க விட்டோம்? காரு. முன்னாடி போறது கறுப்புக் காரு, பின்னாடி வெள்ளைக் காரு. வெள்ளைக் காருல கிளட்ச்சு கொஞ்சம் வழுக்குது, கவனிச்சீங்களா?" யாரும் கவனித்திருக்கவில்லை. வாயாலேயே எஞ்சினைக் கிளப்பினார். முதல் கியர், இரண்டாவது கியர், வளைவு, ஆரன், எதிரே லாரி, சடன் பிரேக். மைக்கில் அந்தச் சத்தம் கொட்டகையையே அதிரவைத்தது. சின்னப் பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவர் எந்தக் காரையும் நிறுத்துவதாக இல்லை.

"பொண்ணு என்னண்ணே ஆச்சு?" என்று ஒரு குரல்.

மச்சான் எஞ்சினை நிறுத்தினார். பல தடவை பார்த்தும் ஒரு தடவைகூட, வண்டி ஓடாத பகுதியில் அவர் விழித்திருக்கவில்லை என்பது எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும்.

"பொண்ணு நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

"கல்யாணம் ஆச்சா இல்லையா?"

"எனக்குப் பத்திரிகை வைக்கலையே அப்பு."

கூட்டம் முணுமுணுத்தது. மச்சானுக்கு வேர்த்தது. சோலி இல்லாத நாட்களில், நான் மூலையில் எறிந்த தேனீப் புத்தகத்தை அவர் எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்திருந்தார். வாழ்க்கையில் அவர் படித்து முடித்த ஒரே புத்தகம். அது இப்போது உதவிக்கு வந்தது.

"கறுப்புக் காரு போயி மரத்துல இடிச்சுச்சு. மரத்துல மலைத்தேனீக் கூடு! மொத்தக் கூடும் வில்லன் தலையில. இங்க ஒண்ணு கேட்டுக்கங்க, தேனீ கொட்டினா கொடுக்கை விரலால புடுங்கக் கூடாது. நகத்தால சொரண்டி எடுக்கணும். அப்புறம் ராணித் தேனீ இருக்கே..."

"அண்ணே, பொண்ணு!"

இதற்குமேல் ராசிங்காபுரத்து அக்காவால் உட்கார முடியவில்லை. எழுந்தாள். அவளுக்கு மைக் தேவையில்லை.

"பொண்ணை விடுங்கப்பா! அவ அப்பனைக் கொன்னுட்டாங்க! காப்பியில வெசத்தை வச்சு! கணக்குப்பிள்ளைதான் கொன்னான்!"

கொட்டகையே அவள் பக்கம் திரும்பியது. "ஆமாமா, அதேதான்" என்றார் மச்சான், உயிர் வந்தவராக. மண்டிப் பெண்கள் ஆளுக்கொன்றாகச் சேர்த்தார்கள். கறுப்புக் குடை. தோட்டத்தில் காலடித் தடம். தனியாகச் சிரித்த சிரிப்பு. ஒரு காதல் படம் எங்கள் கண்ணெதிரே கொலைப் படமாக மாறிக்கொண்டிருந்தது. கூட்டம் வாய் பிளந்து கேட்டது.

"பொய்!"

சேர் வரிசையில் எங்கள் கணக்குப்பிள்ளை எழுந்து நின்றார். மனைவி சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க, கண்ணாடி மூக்கின் நுனிக்கு வர, கத்தினார். "அத்தனையும் பொய்! ஆதாரம் எங்க? கொலை நடந்த அன்னைக்கு அவன் ஊர்லயே இல்ல! நான் என் காதால கேட்டேன்!"

"யாருய்யா அந்தாளு?" என்று தரையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"அவருதான் கணக்குப்பிள்ளை" என்று பக்கத்திலிருந்தவர் உண்மையைச் சொன்னார்.

"அடப்பாவி! கொன்னுட்டு வந்து படமா பாக்குறான்?"

நல்லவேளையாக அந்த நேரத்தில் ரீல் பெட்டி வந்து சேர்ந்தது. சைக்கிளை மிதித்து வந்தவர், கொட்டகையே எழுந்து நின்று கத்துவதைப் பார்த்துத் தன்னைத்தான் அடிக்க வருகிறார்கள் என்று நினைத்து, பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார். விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள்.

திரையில் கதாநாயகியின் அப்பா உயிரோடு வந்தார். கூட்டம் ஒருமுறை அதிர்ந்தது. தேனீ எதுவும் வரவில்லை. வில்லன் மன்னிப்புக் கேட்டான். காதலர்களுக்குக் கல்யாணம் ஏற்பாடானது. வெற்றிலைத் தட்டோடு அந்தச் சிரிப்புக் கணக்குப்பிள்ளை வந்தான் பாருங்கள், "புடிங்கடா அவனை!" என்று கொட்டகையே எழுந்தது. அவன் வழக்கம்போல் தடுக்கி விழுந்தான். அன்றைக்கு எந்தக் கதாநாயகனுக்கும் கிடைக்காத கைதட்டல் அவன் விழுந்ததற்குக் கிடைத்தது. பிறகு மகள் சிரித்துக்கொண்டே அப்பாவுக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்தாள்.

"குடிக்காதே!" என்று சிலமலை முழுக்க ஒரே குரலில் கத்தியது.

அவர் குடித்தார். கொட்டகை மூச்சை அடக்கியது. அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்தார். படம் முடிந்து, திரையில் வணக்கம் போட்டுவிட்டார்கள்.

வெளியே வரும்போது எனக்கு முன்னால் போன ஒருவர் மற்றவரிடம், "கடைசியில முக்கியமான எடத்தை வெட்டிட்டானுங்க மாப்ளே. அதான் வெளங்கலை" என்று சொல்லிக்கொண்டு போனார்.

மறுநாள் மண்டியில் கடைசி இரண்டு அத்தியாயத்தையும் படித்தேன். கணக்குப்பிள்ளை மேசையை விட்டு எழுந்து வந்து, வெட்கத்தை விட்டு என் எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கொன்றவர் டாக்டர். காரணம், சாட்சி, வாக்குமூலம் எல்லாம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதியிருந்தது. அந்தப் பத்தியை மறுபடி ஒருதடவை படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக என்றார். பிறகு டீக்கடைக்கு ஆள் அனுப்பிக் கூடம் முழுக்க டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார்.

ராசிங்காபுரத்து அக்கா வடையைத் தின்றுகொண்டே, "கதை எழுதினவருக்கே உண்மை தெரியலை, பாவம்" என்றாள். ஆனாலும் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

புத்தகங்களைத் திருப்பப் போனபோது மச்சானும் கூடவே வந்தார். கடைக்காரர் தேனீயைப் பற்றி என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார். பதிலை மச்சான் எடுத்துக்கொண்டார். கூட்டில் வேலைக்காரத் தேனீ என்ன செய்யும், ஆண் தேனீ எப்படி ஒரு சோலியும் பார்க்காமல் தின்றே அழியும், மழைக்காலத்தில் எப்படிச் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும் என்று தொடங்கி, தையல் கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்கும் அளவுக்குப் பேசினார். கடைக்காரர் இடையில் புகமுடியாமல் தவித்தார். கடைசியில், "தாயி, அடுத்த தடவை கட்டுரை வேண்டாம். இவரைக் கூட்டிட்டு வராம இருந்தாப் போதும்" என்று சொல்லிக் கொலைகளாகவே அள்ளிக் கொடுத்தார்.

அவற்றையெல்லாம் அந்த மாதத்துக்குள் படித்து முடித்தோம். அடுத்து வந்த கதைகளில் ராசிங்காபுரத்து அக்கா ஒரு சமையல்காரரையும், ஒரு வக்கீலையும், ஒரு குதிரையையும் குற்றவாளி என்று பிடித்துக் கொடுத்தாள். குதிரை விஷயத்தில் அவள் சொன்னது சரியாகவே இருந்தது.

ஆடி பிறந்தபின் ஒருநாள் பாதையைத் திறந்துவிட்டார்கள் என்று தெரிந்தது. மச்சான் காலையிலேயே ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றார். புது மண் போட்ட இடத்தில் வண்டியை நத்தை மாதிரி ஊர்ந்து கடத்தினார். மெட்டில் இறங்கி டீ குடித்தோம். பனி வந்து டம்ளரை மறைத்தது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டன. தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் மலையாளமும் தமிழும் கலந்து பேசி வளர்ந்த பிள்ளைகள். முன்வரிசையில் உட்காரும் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஒரு மாசமா மேல வர முடியாம ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா டீச்சரே? பாவம் கேட்டோ."

நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "ஆமாடா கண்ணு" என்றேன். அவள் ஓடிப்போய் எனக்காகப் பலகையைத் துடைக்க ஆரம்பித்தாள்.